பேட்டரி டாப் ஹேண்டில் செயின்சா: மரத்தில் ஏறி வேலை செய்து பார்த்ததில் முதல் அபிப்பிராயம்

உச்சிக்கிளை

சில வாரங்களாக 36 வோல்ட் பேட்டரி டாப் ஹேண்டில் மிஷின் (பிடி மேலே உள்ள செயின் ரம்பம்) ஒன்றை மரத்துக்கு மேலே எடுத்துப் போகிறேன். 30 செ.மீ. பார் (செயின் சுற்றி ஓடும் தட்டு), 1.1 மி.மீ. மெல்லிய செயின். கம்பெனி பெயர் சொன்னால் இழை பிராண்ட் சண்டையாகிவிடும் என்பதால் சொல்லவில்லை. எழுதப்போவதில் பெரும்பகுதி இந்த வகை மிஷின்கள் எல்லாவற்றுக்கும் பொருந்தும். இதுவரை என் கையில் இருந்தது 35 சி.சி. பெட்ரோல் மிஷின், அதனால் ஒப்பிடுவதும் அதோடுதான்.

பலத்தைப் பற்றித்தான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். கிளை கழிக்கும் வேலைக்குத் தாராளமாகப் போதும். மணிக்கட்டு தடிமனிலிருந்து தொடை தடிமன் வரையுள்ள பச்சைக் கிளைகளில், ஒரு மரத்தை முடிக்க ஆகும் நேரத்தில் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. யோசித்துப் பார்த்தால் காரணம் புரியும். மேலே இருக்கும்போது செயின் மரத்தில் ஓடும் நேரம் கொஞ்சம்தான். இடம் மாறுவது, கயிற்றை வேறு கவையில் போடுவது, லேன்யார்டை (தண்டோடு நம்மைப் பிணைக்கும் குட்டைக் கயிறு) சுற்றி மாட்டுவது, கீழே ஆள் விலகிவிட்டாரா என்று பார்ப்பது, இதிலேயே பொழுது போய்விடும். வெட்டு இரண்டு வினாடி தாமதமானால் யாருக்கும் தெரியாது.

பெரிய வித்தியாசம் ஸ்டார்ட் செய்வதில் இருக்கிறது. பெட்ரோல் மிஷினை ஒவ்வொரு வெட்டுக்கும் அணைத்து, திரும்பக் கயிறு இழுக்க அலுத்துப்போய், ஐடிலில் ஓடவிட்டபடியே இடுப்பில் தொங்கவிட்டு நகர்பவர்கள் எத்தனையோ பேர். சூடான சைலன்சர் தொடைக்குப் பக்கத்தில் ஆடும். காற்று இல்லாத நாளில் அடர்ந்த இலைக்குள் புகை அப்படியே முகத்தில் நிற்கும். பேட்டரி மிஷினில் அப்படி இல்லை; காலைக் கிளையில் ஊன்றி, இரண்டு கையும் பிடிக்கு வந்த பிறகு விசையை அழுத்தினால் போதும். கிளை நுனியில் ஒற்றைக் காலில் சாய்ந்து நிற்கும்போது கயிறு இழுக்க வேண்டியதில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே வாங்கலாம் என்பேன்.

எடை ஏறக்குறைய ஒன்றுதான். பேட்டரி, பார், செயின், ஆயில் எல்லாம் சேர்த்துத் தூக்கினால் நிரப்பிய பெட்ரோல் மிஷின் அளவுக்கு வருகிறது. ஆனால் பெட்ரோல் தீரத் தீர அந்த மிஷின் லேசாகும். பேட்டரி காலியானாலும் அதே எடைதான். அதோடு எடை முழுவதும் பின்பக்கம் சேர்கிறது, நுனி லேசாக இருக்கிறது. பக்கவாட்டு வெட்டில் இது பழக ஒன்றிரண்டு மரம் பிடிக்கும்.

அதிர்வு நன்றாகவே குறைந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002-ஆம் ஆண்டு அதிர்வு விதியில் 8 மணி நேரத்துக்குக் கணக்கிட்ட அளவு 2.5 மீ/வி²-ஐத் தாண்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும், 5-ஐத் தாண்டவே கூடாது. வருடக்கணக்கில் அதிர்வு வாங்கிய கையில் விரல்கள் வெளுத்து மரத்துப்போகும். சட்டைப் பொத்தான் போடவே சிரமப்படும் மூத்தவர்களைப் பார்த்தவர்களுக்கு இந்த எண்ணின் அருமை தெரியும்.

பிடிக்காததும் இருக்கிறது. பேட்டரி உட்காரும் குழியில் மரத்தூளும் ஆயிலும் சேர்ந்து களி போல அப்பிக்கொள்கிறது. கவனிக்காமல் அடுத்த பேட்டரியை அழுத்தினால் கொக்கி முழுதாக விழாது. விழுந்த மாதிரித்தான் தெரியும். ஒரு வெட்டின் நடுவில் மிஷின் செத்துப்போகும். சிறு பிரஷ் ஒன்றை, ஏறும்போது இடுப்பில் கட்டும் ஹார்னஸிலேயே கட்டி வைத்திருக்கிறேன். பேட்டரி மாற்றும்போதெல்லாம் குழியைத் துடைத்துவிட்டு, "டக்" என்ற சத்தம் கேட்டபின் ஒருமுறை இழுத்தும் பார்க்கிறேன்.

இன்னொன்று, சத்தம். குறைவு என்பதில் சந்தோஷம்தான். ஆனால் ஓடாமல் இருக்கும்போது அறவே சத்தமில்லை. அது உயிரோடு இருக்கிறதா, அணைந்திருக்கிறதா என்று காதுக்குத் தெரியாது. இதைப் பற்றி மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

வைரமரம்

நல்ல பதிவு தம்பி. கிளை வேலை வரைக்கும் நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். அடிமரத்தைத் துண்டு துண்டாக இறக்கும் வேலைக்கு வந்தால் நான் பெட்ரோலை விடமாட்டேன். கணக்காகவே சொல்கிறேன்.

36 வோல்ட், 7.5 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 270 வாட்-மணி. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 கிலோவாட்-மணி இருக்கிறது. டாப் ஹேண்டில் மிஷினின் டேங்க் சுமார் 0.3 லிட்டர், அதாவது 2.7 கிலோவாட்-மணி. சின்ன டூ ஸ்ட்ரோக் இன்ஜின் அதில் ஐந்தில் ஒரு பங்கைச் செயினுக்குக் கொடுத்தாலே அதிகம். அப்படிப் பார்த்தாலும் அரை கிலோவாட்-மணி கைக்கு வருகிறது. மோட்டாரில் போகும் நஷ்டத்தைக் கழித்தால் ஒரு டேங்குக்கு இரண்டு பேட்டரி என்று வைத்துக்கொள்ளலாம். டேங்கை ஒரு நிமிடத்தில் நிரப்பிவிடலாம், பேட்டரிக்குச் சார்ஜர் வேண்டும்.

அப்புறம் சூடு. ஸ்டீல் (Stihl) கம்பெனியின் எம்எஸ் 201 டிசி-எம் மாதிரி ஒரு 35.2 சி.சி. மிஷின் 1.8 கிலோவாட் தரும். அதே பலத்தை 36 வோல்ட்டில் எடுக்க 50 ஆம்பியர் ஓட வேண்டும். தடித்த மரத்தில் பாரை முழுதாகப் புதைத்துத் தொடர்ந்து வெட்டினால் பேட்டரி சூடேறி, பாதுகாப்புக்காகத் தானே நின்றுவிடும். சாதாரணக் கிளையில் நின்றால் பரவாயில்லை. கயிற்றில் கட்டிய கனமான துண்டில் பின்வெட்டு (துண்டை விடுவிக்கும் கடைசி வெட்டு) பாதி போயிருக்கும்போது நின்றால்? மரம் பாரத்தில் சாய ஆரம்பித்திருக்கும், தண்டு நீளவாக்கில் பிளந்துகொண்டு மேலேறலாம். நீங்களோ அதே தண்டில்தான் லேன்யார்டைச் சுற்றியிருப்பீர்கள். அந்த வெட்டு வேகமாக, நிற்காமல் முடிய வேண்டிய வெட்டு.

உச்சிக்கிளை

அண்ணே, இதில் மறுபேச்சு இல்லை. அடிமரத்துக்கு நீளமான பார் போட்ட பெட்ரோல் மிஷின் கீழே தயாராக இருக்கும், கயிற்றில் மேலே வரும். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். பெட்ரோல் கணக்கில் ஐடிலில் வீணாகும் எரிபொருளையும் கழிக்க வேண்டும். கிளை கழிக்கும் நாளில் அது சின்ன அளவில்லை. வெட்டாத நேரத்தில் பேட்டரி ஒன்றும் செலவழிப்பதில்லை.

புதுத்தளிர்

நான் இப்போதுதான் ஏறக் கற்றுக்கொண்டிருக்கிறேன். கைரம்பத்தோடுதான் இதுவரை. ஒரு சந்தேகம். வீடியோக்களில் பலரும் ஒரு கையால் மிஷினைப் பிடித்து, மறு கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு அறுக்கிறார்கள். பேட்டரி மிஷின் லேசாக இருப்பதால் அப்படிச் செய்யலாமா? மேலே பிடி வைத்திருப்பதே அதற்காகத்தான் என்றும் ஒருவர் சொன்னார்.

வைரமரம்

அப்படிச் சொன்னவரிடம் கற்றுக்கொள்ளாதே தம்பி. பிடி மேலே இருப்பது மிஷின் குட்டையாக, உடம்புக்கு நெருக்கமாக, கிளைகளுக்கு நடுவே திருப்ப வசதியாக இருப்பதற்காக. ஒற்றைக் கைக்காக அல்ல. வலது கை மேல்பிடியில், இடது கை முன்பிடியில், கட்டைவிரல் பிடியைச் சுற்றி வளைந்திருக்க வேண்டும். கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்து மேலே வைத்தால் மிஷின் துள்ளும்போது கை வழுக்கிவிடும்.

பார் நுனியின் மேல் கால்பாகம் எதிலாவது பட்டால் செயின் அங்கே கடித்து, மிஷின் மொத்தமும் மேலேயும் பின்னேயும் எகிறும். இதுதான் கிக்பேக். பின்பிடி உள்ள பெரிய மிஷினில் இரண்டு கைக்கும் நடுவே தூரம் உண்டு, தடுக்க நெம்புபலம் கிடைக்கும். டாப் ஹேண்டிலில் இரண்டு பிடியும் பக்கத்தில் பக்கத்தில். இரண்டு கையாலேயே தடுப்பது கடினம். ஒரு கையென்றால் மணிக்கட்டைச் சுற்றித் திரும்பி முகத்துக்கும் கழுத்துக்கும் வரும். கிளையைப் பிடித்திருக்கும் இடது கையோ செயினுக்கு நேர் எதிரே இருக்கிறது.

கிளையைக் கையால் எடுத்துத்தான் போட வேண்டும் என்றால் அதற்கு வழி இருக்கிறது. ஒரு பக்கத்திலிருந்து பாதிக்குக் கொஞ்சம் கூடுதலாக வெட்டு. எதிர்ப்பக்கத்திலிருந்து, முதல் வெட்டுக்கு இரண்டு விரல் தள்ளி, அதே ஆழத்துக்கு இன்னொரு வெட்டு. இரண்டு வெட்டும் ஒன்றையொன்று தாண்டியிருக்க வேண்டும், சந்திக்கக் கூடாது. நடுவில் நார் பிடித்துக்கொண்டிருக்கும், கிளை அசையாமல் நிற்கும். இப்போது மிஷினை அணை, பிரேக் போடு, தொங்கவிடு. பிறகு இரண்டு கையாலும் கிளையைப் பிடித்து வளைத்தால் "பட்"டென்று ஒடிந்து கையோடு வரும். வேண்டிய பக்கம் பார்த்துப் போடலாம். பேட்டரி மிஷினில் இந்த முறை இன்னும் சுலபம், ஏனென்றால் அணைத்ததைத் திரும்ப எழுப்ப ஒரு பட்டன்தான்.

உச்சிக்கிளை

இதைப் படித்தபிறகு எனக்கு ஒன்று தெளிவாகத் தோன்றுகிறது. பேட்டரி மிஷினின் உண்மையான ஆபத்து அதன் சுலபம்தான். பெட்ரோல் மிஷின் சத்தமும் ஆட்டமுமாகத் தன்னைப் பற்றி ஓயாமல் எச்சரித்துக்கொண்டே இருக்கும். இது எச்சரிக்காது. விசையை அழுத்தின உடனே முழு முறுக்குவிசையும் வந்துவிடும். எட்டாத கிளைக்கு ஒரு கையை நீட்ட மனம் துணியும் இடமும் அதுதான். புதுத்தளிர், கைரம்பத்தை விட்டுவிடாதீர்கள். சின்னக் கொப்புகளுக்கு நல்ல வளைவான கைரம்பம் இன்றும் வேகமாகவே இருக்கிறது, அதை ஒரு கையால் பிடித்து அறுக்கலாம்.

கீழ்க்கயிறு

நான் கீழே நின்று கயிறு பிடிப்பவன். சத்தம் பற்றி எங்கள் பக்கத்தையும் கேளுங்கள்.

பெட்ரோல் மிஷின் காலத்தில் மேலே இன்ஜின் குரல் மாறுவதை வைத்தே எங்களுக்குப் புரிந்துவிடும். இழுபடும் சத்தம் வந்தால் வெட்டு ஓடுகிறது, சட்டென்று ஏறினால் வெட்டு முடிந்தது, கிளை வரப்போகிறது. பேட்டரி மிஷினில், கீழே பக்கத்தில் கிளை அரைக்கும் இயந்திரம் ஓடினால் மேலே நடப்பது காதுக்கே எட்டாது. தலைக்கு மேலே வெட்டு நடப்பது தெரியாமல் ஒருவர் கிளையை இழுக்க உள்ளே வந்துவிடலாம். அது சாதாரண விஷயம் இல்லை.

ஆனால் இதே குறைந்த சத்தம்தான் எங்களுக்குப் பெரிய வரமும். அரைக்கும் இயந்திரம் அணைந்திருந்தால் மேலே இருப்பவரோடு சாதாரணக் குரலில் பேச முடிகிறது. "கயிறு தளர்த்து", "நிறுத்து", "இடப்பக்கம் கொஞ்சம்" எல்லாம் ஒரே தடவையில் புரிகிறது. கையை ஆட்டி ஆட்டிச் சொல்வது போய்விட்டது.

அதனால் நாங்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். மேலே இருப்பவர் வெட்டுக்கு முன் குரல் கொடுப்பார். கீழே இருந்து பதில் குரல் வரும்வரை விசையைத் தொடக்கூடாது. பதில் வராவிட்டால் வெட்டு கிடையாது. ஹெல்மெட்டில் பேசும் கருவி இருந்தாலும் இதேதான்.

உச்சிக்கிளை

இதைத்தான் கேட்க நினைத்தேன், நன்றி. என் பக்கத்திலிருந்து ஒரு வழக்கம். மிஷின் கையை விட்டுப் போகும் முன் செயின் பிரேக், அதன் பின் பவர் பட்டன், விளக்கு அணைந்ததைக் கண்ணால் பார்த்தபின்தான் தொங்கவிடுவது. கொஞ்ச நேரம் தொடாவிட்டால் தானே அணையும் வசதி பல மிஷின்களில் உண்டு. அந்த நேரம் மாடலுக்கு மாடல் மாறும், அதை நம்பி விடக்கூடாது. விசையில் பூட்டு இருந்தாலும், இலைக்கொத்துக்குள் தொங்கும் மிஷினில் சுள்ளிகள் எங்கெல்லாம் நுழையும் என்பது ஏறியவர்களுக்குத் தெரியும்.

காதுக் கவசம் பற்றியும் ஒரு வார்த்தை. சத்தம் குறைவு என்று கழற்றிவிடாதீர்கள். ஐரோப்பிய விதிப்படி நாள் சராசரி 80 டெசிபலிலேயே காதுக் கவசம் கொடுக்க வேண்டும், 85-இல் கட்டாயம். இந்த மிஷின்கள் வெட்டும்போது காதருகே அந்த அளவைச் சாதாரணமாகத் தொடும்.

அரத்தூள்

யாரும் செயினைப் பற்றிப் பேசவில்லையே என்று வந்தேன்.

பேட்டரி மிஷின் ஓடுவது செயினின் கூர்மையில்தான். பெட்ரோலில் மொட்டைச் செயினைக்கூட இன்ஜின் பலத்தால் தள்ளி அறுத்துவிடலாம். இதில் மொட்டைச் செயின் என்றால் பேட்டரி கண்முன்னே இறங்கும், சூடேறி நிற்கும், "மிஷின் சரியில்லை" என்று பழி வேறு வரும். வெளியே விழும் தூளைப் பாருங்கள். சின்னச் சின்னச் சீவல்களாக விழுந்தால் செயின் நன்றாக இருக்கிறது. மாவாக விழுந்தால் இறங்கி அரம் போடுங்கள்.

அரத்தின் அளவை மாற்றிவிடாதீர்கள். இந்த மிஷின்களில் வரும் மெல்லிய கால் அங்குல பிட்ச் (கண்ணி இடைவெளி) செயினுக்கு 3.2 மி.மீ. உருண்டை அரம். எட்டில் மூன்று அங்குலம், அதாவது 3/8 லோ புரொஃபைல் (உயரம் குறைந்த வகை) என்றால் 4 மி.மீ. பெரிய மிஷினுக்கு வைத்திருக்கும் அரத்தை இதில் போட்டால் பல்லின் கொக்கியே போய்விடும். ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில், உள்ளிருந்து வெளியே, ஒரே திசையில். பல் தேயத் தேய அதன் முன்னால் இருக்கும் ஆழமானியையும் தட்டை அரத்தால் இறக்க வேண்டும். பல் உச்சிக்கும் அதற்கும் 0.65 மி.மீ. இடைவெளி என்பது 3/8 லோ புரொஃபைல் செயினுக்குப் பொதுவான கணக்கு. செயின் பெட்டியில் வேறு எண் போட்டிருந்தால் அதுவே சரி. அதிகம் இறக்கினால் செயின் ஆழமாகக் கடிக்கும், மோட்டார் திணறும், கிக்பேக்கும் கூடும்.

மெல்லிய செயினில் இழுவிசையை அடிக்கடி பாருங்கள். புதுச் செயின் முதல் சில வெட்டுகளிலேயே நீண்டுவிடும். தளர்ந்த செயின் சுள்ளிக் கொத்தில் சிக்கிப் பாரை விட்டுக் கழன்றுவிடும். சூடாக இருக்கும்போது இறுக்கியிருந்தால் வேலை முடிந்ததும் தளர்த்திவிடுங்கள், ஆறும்போது சுருங்கிப் பாரையும் அச்சையும் இறுக்கும்.

புதுத்தளிர்

இத்தனை விஷயம் இருக்கிறதா! அண்ணா, செயின்சா பேன்ட் பற்றியும் கேட்க வேண்டும். பெட்ரோல் மிஷினுக்கு வாங்கும் அதே பேன்ட் இதற்கும் போதுமா?

அரத்தூள்

நல்ல கேள்வி. அந்தப் பேன்ட் செயினைத் தடுப்பது கவசம்போல நின்று அல்ல. உள்ளே அடுக்கடுக்காக நீண்ட நார் இருக்கும். செயின் துணியைக் கிழித்ததும் நார் இழுபட்டு, செயினை ஓட்டும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டில் சுற்றிக்கொண்டு ஓட்டத்தையே பிடித்து நிறுத்தும். பெட்ரோல் மிஷினில் அப்போது கிளட்ச் வழுக்கும். மின்மோட்டாரில் கதை வேறு. வேகம் குறைந்தாலும் முறுக்குவிசை குறையாது, கட்டுப்பாட்டு மின்னணு மின்சாரத்தை வெட்டும்வரை இழுத்துக்கொண்டே இருக்கப் பார்க்கும். அதனால்தான் சில தயாரிப்பாளர்கள் மின்சார மிஷினுக்கு இந்தப் பாதுகாப்பு முழுதாகப் பொருந்தாது என்று லேபிளிலேயே எழுதுகிறார்கள். வாங்கும்போது அந்த லேபிளைப் படியுங்கள்.

பேன்ட்டில் போட்டிருக்கும் வகுப்பு எண், சோதனையில் செயின் ஓடிய வேகத்தைக் குறிக்கிறது. வகுப்பு 0 என்றால் வினாடிக்கு 16 மீட்டர், 1 என்றால் 20, 2 என்றால் 24, 3 என்றால் 28. உங்கள் மிஷினின் செயின் வேகம் அதன் கையேட்டில் இருக்கும், இரண்டையும் ஒப்பிட்டு வாங்குங்கள். மரமேறுபவர்கள் சுற்றிலும் நார் வைத்த சி வகை எடுப்பது நல்லது. மேலே கால் எந்தப் பக்கம் திரும்பியிருக்கும் என்று சொல்ல முடியாதே. பேன்ட் போட்டாலும் அது கடைசிக் காவல்தான், காலுக்கு நேரே வெட்டாமல் நிற்பதுதான் முதல் காவல்.

இலைநிழல்

இடையில் ஒரு சின்னக் கேள்வி. பெட்ரோல் இல்லை, பிளாஸ்டிக் உடம்பு, அதனால் மின்கம்பிக்குப் பக்கத்தில் இதை வைத்து வெட்டலாம் என்கிறார்களே?

வைரமரம்

கூடாது. பாரும் செயினும் இரும்பு. பச்சைக் கிளையே மின்சாரம் கடத்தும். எந்த மிஷின் என்பது அங்கே ஒரு பொருட்டே இல்லை. மின்வாரியம் இணைப்பைத் துண்டித்து உறுதி சொல்லாமல் அந்த மரத்தில் ஏறவே கூடாது.

புதுத்தளிர்

கடைசியாக ஒன்று. எத்தனை பேட்டரி வைத்துக்கொள்ள வேண்டும், எப்படிப் பராமரிப்பது?

உச்சிக்கிளை

எண்ணிக்கை உங்கள் வேலையையும் சார்ஜர் எங்கே கிடைக்கும் என்பதையும் பொறுத்தது. மிஷினில் ஒன்று, கீழே நிரம்பியது ஒன்று, சார்ஜரில் ஒன்று என்று சுழற்சி நிற்காமல் ஓடினால் கிளை வேலைக்குத் தட்டுப்பாடு வராது. மாற்றுப் பேட்டரியை நான் இடுப்பில் சுமப்பதில்லை. கீழ்க்கயிறு போன்றவர்கள் பையில் போட்டுக் கயிற்றில் அனுப்பிவிடுவார்கள். முதுகில் மாட்டும் பெரிய பேட்டரியிலிருந்து ஒயர் வரும் ஏற்பாடும் இருக்கிறது. தரையில் நல்லது, மரத்தில் அந்த ஒயர் கிளையில் மாட்டும், வெட்டும் பட்டுவிடும். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

வேலை முடிந்து சூடாக இருக்கும் பேட்டரியை ஆறவிட்டுச் சார்ஜ் போடுங்கள். நல்ல சார்ஜர் தானே காத்திருக்கும். கடுங்குளிரில் நேர்மாறு. பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரமாகக் கெடும். அறைக்குள் கொண்டுவந்து சூடு ஏறியபின் போடுங்கள். குளிர்ந்த பேட்டரி வெட்டும்போதும் பலம் குறைந்து தெரியும், சட்டைக்குள் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் சரியாகிவிடும். பல வாரம் எடுக்கப்போவதில்லை என்றால் பாதி சார்ஜில், குளிர்ச்சியான உலர்ந்த இடத்தில் வையுங்கள். வெயிலில் மூடி நிற்கும் வண்டிக்குள் விடாதீர்கள். மரத்திலிருந்து விழுந்து ஓடு விரிசல் விட்ட பேட்டரியைத் திரும்ப மாட்டவே மாட்டாதீர்கள், அன்றைக்கு நன்றாக ஓடினாலும் சரி.

கீழ்க்கயிறு

கயிற்றில் அனுப்புவது பற்றி ஒன்று சேர்க்கிறேன். நிரம்பியதற்கு ஒரு பை, காலியானதற்கு வேறு நிறப் பை வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பை என்றால் அவசரத்தில் காலியானதே திரும்ப மேலே போகும். பையின் வாய் இழுத்துக் கட்டும் வகையாக இருக்கட்டும், கிளையில் இடித்துக் கவிழ்ந்தால் பேட்டரி என் தலைக்குத்தான் வரும்.